குப்ஃபர் செல்கள்

கல்லீரலின் நுண்குருதிக் குழாய்களின் உட்சுவரை ஒட்டி வாழும் விழுங்கணுக்கள். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் பாக்டீரியாக்களையும் முதிர்ந்த சிவப்பணுக்களையும் விழுங்கி அழிப்பவை. கல்லீரல் புற்றின் வளர்ச்சியிலும் பரவலிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

வரலாறு: பால்டிக் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வில்ஹெல்ம் வான் குப்ஃபர் (1829–1902) கல்லீரலில் நரம்பிழைகளைத் தேடித் திசுக்களுக்குத் தங்கக் குளோரைடு சாயம் ஏற்றினார். நரம்புகளுக்குப் பதிலாக நட்சத்திர வடிவச் செல்கள் தென்பட்டன. 1876இல் அவற்றைப் பற்றி எழுதினார். பின்னாளில் அவை குழாய்ச் சுவரின் உறுப்பே என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். போலந்து நோயியலாளர் டாடியுஸ் பிரோவிச் 1898 அளவில் அவற்றை விழுங்கும் செல்களாக விவரித்தார். கண்டறிந்த முதன்மை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போலந்து நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றன. ஜப்பானியரான தோஷியோ இட்டோ 1950களின் தொடக்கத்தில் கல்லீரலில் கொழுப்பைச் சேமிக்கும் செல்களை விவரித்தார். மற்றொரு ஜப்பானிய ஆய்வாளர் கென்ஜிரோ வாக்கே 1971இல் பழைய தங்கச் சாய முறையையே மீண்டும் கையாண்டு, குப்ஃபர் முதலில் கண்டவை இட்டோவின் செல்களே என்று காட்டினார். ஆயினும் விழுங்கணுக்களுக்குக் குப்ஃபரின் பெயரே நிலைத்துவிட்டது.

1920களில் ஜெர்மானிய நோயியலாளர் லுட்விக் ஆஷோஃப் குப்ஃபர் செல்களை, விழுங்கும் செல்களின் தொகுதியான ரெட்டிகுலோ எண்டோதீலிய மண்டலத்தில் சேர்த்தார். 1970களில் ஆய்வாளர் எடி விஸ்ஸே எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இவற்றைக் குழாய்ச் சுவர்ச் செல்களிலிருந்து பிரித்தறிந்தார்.

புற்றுநோயில் பங்கு: 1990களின் எலிச் சோதனைகளில், குப்ஃபர் செல்களை முன்கூட்டியே நீக்கியபின் பெருங்குடல் புற்றுச் செல்களைச் செலுத்தியபோது கல்லீரலில் கட்டிகள் மிகுந்து வளர்ந்தன. இதனால் இவை காவல் செல்களாகக் கருதப்பட்டன. 2007இல் வெளியான சுண்டெலி ஆய்வு வேறொரு முகத்தைக் காட்டியது: இவை சுரக்கும் அழற்சிப் புரதமான இன்டர்லூக்கின்-6 புற்று தோன்றத் துணைபோனது, ஈஸ்ட்ரோஜன் அச்சுரப்பைத் தணித்ததால் பெண் சுண்டெலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. வளர்ந்த கட்டியைச் சுற்றியுள்ள விழுங்கணுக்கள் நோயெதிர்ப்பு டி செல்களை அடக்கிப் புதுக் குருதிக் குழாய்கள் முளைக்க உதவக்கூடும். நோயின் தொடக்கத்தில் எதிர்ப்பவை, முற்றியபின் துணைபோகின்றன என்பது பலரின் கருத்து. எந்தக் கட்டத்தில் மாறுகின்றன என்பதில் உடன்பாடில்லை.

அண்மைக்காலம்: மேற்சொன்ன டி செல் அடக்கத்தையும் குழாய் முளைப்பையும் தடுக்கும் அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் கூட்டு மருந்துக்கு, முற்றிய கல்லீரல் புற்றுச் சிகிச்சைக்காக 2020இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இம்மருந்துகள் குப்ஃபர் செல்களை மட்டும் இலக்காகக் கொண்டவை அல்ல.