சத்தியநாதன், கிருபாபாய்

கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894), ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். இவர் அகமதுநகரில், கிறித்தவம் தழுவிய மராத்தியப் பிராமணரான ஹரிபந்த் கிஸ்தி, ராதாபாய் இணையருக்குப் பிறந்தார். மருத்துவம் பயில இங்கிலாந்து செல்லக் கிடைத்த வாய்ப்பு உடல்நலக் குறைவால் கைகூடாததால், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோய் குறுக்கிடவே படிப்பு பாதியில் நின்றது. 1881இல் சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகமண்டலத்தில் குடியேறியவர், அங்கே முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி நடத்தினார்.

இவரது ‘சகுணா’, தன் வாழ்வையே பெயர் மாற்றிக் கதையாக்கும் தன்வரலாற்று நாவல் என்னும் வகையைச் சேர்ந்தது. 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. கல்விக்கு ஏங்கும் பெண்ணின் மனத்தை நாட்குறிப்புக்குரிய நெருக்கத்துடன் சொல்லும் இந்நூல், இந்தியப் பெண்களைத் தாழ்வாகக் கருதிய வெள்ளையரின் மனப்போக்கையும் விட்டுவைக்கவில்லை என்பதே, மதமாற்றக் கதை என்ற அளவில் மட்டும் இதை அடக்கிவிட முடியாததற்குக் காரணம். இந்து இளம்பெண் ஒருத்தியின் மணவாழ்வைப் பேசும் ‘கமலா’ 1894இல் நூலானது. அவ்வாண்டே இவர் காலமானார். ‘சகுணா’ மறுஆண்டுதான் நூல்வடிவம் பெற்றது. பின்னர் இரு நாவல்களும் தமிழிலும் பெயர்க்கப்பட்டன.