பயங்கரவாதத்துக்கு உதவும் நாடு என்று முத்திரை குத்திவிட்டால் தாக்கலாமா?

ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இது வந்திருக்கும்: "அந்த நாடுதான் ஆள் அனுப்புது, போய் அடிக்க வேண்டியதுதானே?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு அரசு பயங்கரவாதத்துக்கு உதவுகிறது என்று யார் முடிவு செய்வது? முடிவு செய்துவிட்டால் ராணுவத்தை அனுப்பலாமா? முதலாவதுக்கு விடை கிடைத்தால் இரண்டாவதுக்கும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல்.

பட்டியலில் யார்?

உலகத்திலேயே பிரபலமான பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையுடையது. 1979 டிசம்பரில் லிபியா, இராக், தெற்கு ஏமன், சிரியா என நான்கு நாடுகளோடு தொடங்கியது. பிறகு கியூபா, ஈரான், வட கொரியா, சூடான் சேர்ந்தன. மொத்தமே 8 பெயர்கள்தான். பெயர் சேர்ந்தால் ஆயுத விற்பனைக்குத் தடை, பொருளாதார உதவி நிறுத்தம், அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி, இப்படிச் சில விளைவுகள் உண்டு. குண்டு போடும் அதிகாரம் அதில் கிடையாது.

பெயர்கள் உள்ளே போய் வெளியே வரும் தேதிகளைப் பாருங்க. ஈரானோடு போரில் இருந்த இராக்கை 1982-ல் நீக்கினார்கள். 1990-ல் குவைத்துக்குள் நுழைந்ததும் மறுபடி சேர்த்தார்கள். கியூபா 2015-ல் வெளியே, 2021 ஜனவரியில் உள்ளே. 2025 ஜனவரி 14 அன்று அதை நீக்குவதாக பைடன் அறிவித்தார். 20-ம் தேதி டிரம்ப் அதை ரத்து செய்தார். ஆறே நாளில் கியூபாவின் நடத்தை மாறியிருக்குமா என்ன?

இன்னொன்றும் கவனியுங்கள். 2001-ல் அமெரிக்கா படையெடுத்த ஆப்கானிஸ்தான் இந்த எட்டில் இல்லை. ஒசாமா பின்லேடன் அபோட்டாபாதில் கொல்லப்பட்ட பிறகும் பாகிஸ்தான் சேர்க்கப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா. சாசனத்தின் பிரிவு 2(4) இன்னொரு நாட்டின் மீது படைபலம் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதியைத் தவிர, விலக்கு ஒன்றுதான்: ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு, பிரிவு 51. தாக்கியது ஒரு குழு, உதவியது ஒரு அரசு என்றால்? நிகரகுவா வழக்கில் 1986-ல் சர்வதேச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஒரு அரசே ஆயுதக் குழுவை அனுப்பிப் பெரிய அளவில் தாக்கினால் அது ஆயுதத் தாக்குதல். வெறும் ஆயுதமும் பொருளும் கொடுத்தால் அது சட்டவிரோதம்தான், ஆனால் ஆயுதத் தாக்குதல் ஆகாது.

அதே 1986-ல், மேற்கு பெர்லின் டிஸ்கோ குண்டுவெடிப்புக்கு லிபியாதான் காரணம் என்று அமெரிக்கா அந்நாட்டின் மீது குண்டு வீசியது. ஐ.நா. பொதுச்சபை அதைக் கண்டித்தது. 2001 செப்டம்பர் 11-க்கு மறுநாளோ, பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானம் 1368 தற்காப்பு உரிமையை அங்கீகரித்துப் பேசியது. கோடு நகர்ந்துவிட்டது. 2014-ல் சிரியாவில் ஐ.எஸ். மீது தாக்கியபோது, அந்த அரசுக்கு அவர்களைத் தடுக்க 'விருப்பமோ திறனோ இல்லை' என்பதே அமெரிக்காவின் வாதம். பல நாடுகள் இதை இன்றுவரை ஏற்கவில்லை.

2003 இராக் போர் மறக்கக் கூடாதது. சதாம் உசேனுக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு என்று சொல்லியும் ஆதரவு திரட்டினார்கள். அப்படியொரு கூட்டுச் செயல்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று 2004-ல் அமெரிக்காவின் 9/11 ஆணையமே எழுதியது. அதற்குள் போர் ஓராண்டைத் தாண்டியிருந்தது.

இந்தியா?

நம்மிடம் அப்படி ஒரு நாடுகள் பட்டியலே கிடையாது. யுஏபிஏ சட்டத்தில் அமைப்புகளையும், 2019 திருத்தத்துக்குப் பின் தனிநபர்களையும் பட்டியலிடலாம், நாட்டை முடியாது. 2017-ல் மாநிலங்களவையில் இதற்காக வந்த தனிநபர் மசோதாவை உள்துறை அமைச்சகமே எதிர்த்தது. தூதரக உறவு வைத்துக்கொண்டே அப்படி அறிவிப்பது சிக்கல் என்பது அதன் தரப்பு.

அதனால்தான் வார்த்தைகளில் அவ்வளவு கவனம். 2019 பாலகோட் தாக்குதலை 'ராணுவம் சாராத, முன்கூட்டிய தடுப்பு நடவடிக்கை' என்றது அரசு. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2025 மே 7 அன்று 9 இடங்களைத் தாக்கியபோதும், பாகிஸ்தான் ராணுவ நிலைகளைக் குறிவைக்கவில்லை என்பதே முதல் அறிவிப்பு. பஹல்காமில் தனக்குப் பங்கில்லை என்று பாகிஸ்தான் மறுத்து, நடுநிலை விசாரணை கேட்டது.

ஆனால் மே 12 உரையில் பிரதமர் மோடி, பயங்கரவாதிகளையும் அவர்களை ஆதரிக்கும் அரசையும் இனி தனித்தனியாகப் பார்க்க மாட்டோம் என்றார். ஐந்தே நாளில் இலக்கு முகாமிலிருந்து அரசுக்கு நகர்கிறது. அப்படியானால் அனுப்பியது யார் என்பதை நிரூபிக்கும் சுமையும் அதற்கேற்பக் கூடும்.