ஸ்கார்பரோ: மன்றம் இல்லாத நகர மண்டபம்

1942ல் கனடா அரசு, பசிபிக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை, சொந்தக் குடிமக்கள் என்றும் பாராமல் வீடுவாசலைப் பறித்து உள்நாட்டு முகாம்களுக்கு அனுப்பியது. அதில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனும் இருந்தான். முதுகில் தீக்காயத் தழும்பு. பொதுக் குளியலறையில் மற்றவர்கள் கேலி செய்ததால் தனியே ஆற்றுக்குப் போய்க் குளிப்பான். அந்த ஆற்றங்கரையில், கிடைத்த மரத்துண்டுகளைப் பொறுக்கி யாருக்கும் தெரியாமல் ஒரு மரவீடு கட்டினான். பேர் ரேமண்ட் மோரியாமா. பின்னாளில் கட்டடக் கலைஞரான அவர்தான், டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் ஸ்கார்பரோவுக்கு நகர மண்டபம் வடிவமைத்தவர். 1973ல் எலிசபெத் ராணி அதைத் திறந்துவைத்தார்.

வெள்ளையாக, கப்பல் மாதிரி வளைந்த கட்டடம். அலுவலக மாடிகள் எல்லாமே நடுவில் இருக்கும் பெரிய திறந்த கூடத்தைப் பார்த்தபடி அடுக்கடுக்காக ஏறும். மன்றம் கூடும் இடமும் அந்தக் கூடத்தை ஒட்டியே. வரி கட்ட வருகிறவர் தலையைத் தூக்கினால் தன் அரசாங்கம் வேலை செய்வது கண்ணில் படும்! நம்மூர் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இவ்வளவு பெரிய மண்டபம் எதுக்கு? ஊர் அந்த வேகத்தில் வளர்ந்திருந்தது. 1940களின் தொடக்கத்தில் சுமார் 24 ஆயிரம் பேர். பெரும்பாலும் பண்ணை நிலம். 1961ல் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. போர்க்கால வெடிமருந்து ஆலை இருந்த நிலத்தை உள்ளாட்சியே வாங்கித் தொழிற்பேட்டையாக்கியது. வீடுகள் பெருகினால் பள்ளி, சாக்கடை, சாலை எல்லாம் போட்டாகணும். தொழிற்சாலை வந்தால்தான் அதுக்கு வரி வரும். எக்ளின்டன் சாலையின் அந்தப் பகுதிக்கு 'தங்க மைல்' என்று பேர்.

1967ல் கனடா குடியேற்றத்துக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. இன அடிப்படையிலான கதவுகள் மெல்லத் திறந்தன. கரீபியத் தீவுகளிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1983ல் ஸ்கார்பரோ முறைப்படி 'நகரம்' ஆனது. அதே வருஷம்தான் கொழும்பில் கறுப்பு ஜூலை. தப்பி வந்த ஈழத்தமிழர்கள் முதலில் டொராண்டோ மையத்தில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்ககங்களில் தங்கினார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் கிழக்கே நகர்ந்தார்கள். இன்று ஸ்கார்பரோவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் வேற்று நாட்டில் பிறந்தவர்கள்.

ஆனால் இந்த மக்கள் கூட்டம் முழுசாக உருவாவதற்குள் அந்த அரசாங்கமே போய்விட்டது. 1997ல் ஒன்டாரியோ மாகாண அரசு, ஆறு உள்ளாட்சிகளைக் கலைத்து ஒரே டொராண்டோவாக்கச் சட்டம் கொண்டுவந்தது. செலவு குறையும் என்றார்கள். ஆறு ஊர்களிலும் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். மாகாணம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனடா அரசியல் சட்டப்படி உள்ளாட்சி என்பது மாகாணத்தின் கைப்பிள்ளை. 1998 ஜனவரி 1ஆம் தேதி ஸ்கார்பரோ நகரம் இல்லாமல் போனது. கடைசி மேயர் ஃப்ராங்க் ஃபாபர்ட்.

இது குடியேறிகளைக் குறிவைத்த சதி என்று நான் சொல்லமாட்டேன். பழைய வீட்டுக்காரர்களும்தான் கத்தினார்கள். ஆனால் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 2017 இடைத்தேர்தலில் நீதன் ஷான் ஸ்கார்பரோவிலிருந்து டொராண்டோ மன்றத்துக்குப் போனார். அடுத்த வருஷமே, தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாகாணம் வார்டுகளை 25ஆகச் சுருக்கியது. அதுவரை 44 வார்டுகள். அந்தத் தேர்தலுக்கு 47 ஆக்கத் திட்டம். ஸ்கார்பரோவின் 10 வார்டுகள் 6 ஆயின. நீதன் 154 வாக்குகளில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணம் ஜெயித்தது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு: குடியுரிமை வாங்காத நிரந்தர வாசிகள் வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. அவர்களுக்கும் வாக்கு கொடுங்கள் என்று டொராண்டோ மன்றம் 2013லேயே கேட்டது, மாகாணம் தரவில்லை.

வார்டு குறைந்தால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். ரயிலைப் பாருங்கள். 1985ல் ஓடத் தொடங்கிய ஸ்கார்பரோ ரயிலுக்கு வயசாகிவிட்டது. மாற்றாக ஏழு நிறுத்தங்கள் கொண்ட லைட் ரயிலா, சுரங்க ரயிலா என்று நகரமும் மாகாணமும் வருஷக்கணக்கில் திட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தன. 2023 ஜூலை 24ஆம் தேதி கடைசிப் பெட்டி தடம்புரண்டு சிலருக்குக் காயம். அந்த ரயில் மறுபடி ஓடவே இல்லை. புதுத் தடம் தயாராகாததால் ஜனங்கள் பஸ் ஏறினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் தென்மேற்கு ஸ்கார்பரோ இடைத்தேர்தலில் பார்த்தி கந்தவேள் வென்றார். மோரியாமாவும் அந்த ஆண்டுதான் காலமானார். அவருடைய மண்டபத்தில் இப்போது 'சமூக மன்றம்' என்ற பேரில் டொராண்டோ மன்றத்தின் ஒரு குழு கூடுகிறது. வேலி உயரம், மரம் வெட்ட அனுமதி, தெருவில் எந்தப் பக்கம் வண்டி நிறுத்தலாம் என்பது மாதிரி விஷயங்கள் அங்கே வரும். வரவு செலவுத் திட்டத்துக்கு நகர மையத்துக்குப் போகவேண்டும்.