கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பணி அழுத்தமும் சமூக ஆதரவும்

பணி அழுத்தம் பற்றிய ஆய்வுகளில் சமூக ஆதரவு பெரும்பாலும் மருந்தாகவே பேசப்படுகிறது. வேலைச்சுமையையும், அந்த வேலைமீது தொழிலாளிக்கு உள்ள அதிகாரத்தையும் ராபர்ட் காரசெக் 1979இல் இணைத்துப் பார்த்தார். ஜெஃப்ரி ஜான்சனும் எல்லன் ஹாலும் 1988இல் ஆதரவை அதனுடன் மூன்றாவது கூறாகச் சேர்த்தனர். மேலாளரும் உடன் உழைப்பவரும் துணைநின்றால் கடுமையான சுமையையும் தாங்கிவிடலாம் என்பது இந்த மரபின் நம்பிக்கை. மலேசியாவின் கேமரன் மலையில் அது அப்படியே செல்லாது என்பது என் வாதம். அங்கே ஆதரவின் அளவைவிட, அது எவர் கையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டமும் அதன்பின் வந்த தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் எழுந்தவை. விடிந்ததும் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு சரிவில் மழையோடும் பனியோடும் கொழுந்து, மாலையில் நிறுவை. இந்த நாளைத் தாங்கவைத்தது லயம் எனும் வரிசை வீடுகளின் வாழ்க்கைதான். தாய் மலையேறினால் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். சாவு விழுந்தால் பக்கத்து வீட்டில் உலை ஏறும். திருவிழா வந்தால் கோயிலில் எல்லாரும் கூடுவார்கள். இதைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. ஊரை விட்டு வந்தவர்கள் அந்நிய மலையில் தங்களுக்கென ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஊர் நின்ற மண் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். வீட்டோடு அண்டை வீட்டாரும் போவார்கள். மேற்பார்வையாளரான தண்டலிடம் எதிர்த்துப் பேசும் பெண், தன் கூலியோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையையும் பணயம் வைக்கிறாள். அழுத்தம் தரும் கையே ஆதரவும் தரும்போது அந்த ஆதரவு அழுத்தத்தைக் குறைப்பதில்லை, வாயை அடைக்கிறது. வட கடல் எண்ணெய் மேடைகளிலும் தொழிலாளர் வேலையிடத்திலேயே தங்குகிறார்கள். எனினும் பணிமுறை முடிந்ததும் நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கரை இல்லை. தொழிலாளர் வீட்டுவசதி குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் அறைகளுக்குத் தரம் விதித்தது; வேலையையும் கூரையையும் பிணைக்கும் முடிச்சை அது அவிழ்க்கவில்லை.

இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உழைக்கிறார்கள். முடிச்சு இவர்களுக்கு இன்னும் இறுக்கம். வேலை அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. குடும்பத்தை அழைத்துவர வழியில்லை. கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் இருபுறமும் பிடித்து நடக்க வேண்டும். கூலி எடைக்கு என்றால் ஒருவர் தளர்ந்தாலும் இருவர் வருமானமும் குறையும். இங்கே கூட்டாளியே துணை, கூட்டாளியே நெருக்கடி. “உடன் உழைப்பவர் உதவுகிறாரா?” என்ற வழக்கமான வினா இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஆகவே வினாப்பட்டியலில் இன்னொரு கேள்வி வேண்டும்: நாளை வேலை இல்லாமல் போனாலும் இந்த ஆதரவு உங்களோடு இருக்குமா? அப்படிப் பார்த்தால் மேலாளரின் கனிவு பின்னுக்குப் போகும். 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் போன்ற, முதலாளியின் தயவில் நில்லாத அமைப்புகள் முன்னுக்கு வரும். 2019 ஜனவரி முதல் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைவிபத்துப் பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் கிடைத்திருக்கிறது. சரிவில் வழுக்கி விழுந்தவருக்கு எந்தத் தண்டலின் இரக்கத்தையும் விட அது உறுதியான துணை. அழுத்தத்தைக் குறைக்க முனைவோர் நல்லுறவுப் பயிற்சிகளுக்கு முன்பாக இத்தகைய உரிமைகள் சரிவுவரை எட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.