ரெண்டே சீட் ஸ்போர்ட்ஸ் கார்... தினமும் ஓட்டினா செட் ஆகுமா?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே வரும்போது கண்ணில் பட்டுவிடும். ஈ.சி.ஆரில் கூரையைத் திறந்துவிட்டு, தரையோடு தரையாகப் பறக்கிற ஒரு சிவப்பு ரோட்ஸ்டர். 'வாங்கினா இப்படி ஒண்ணு வாங்கணும்டா' என்று நண்பனுக்கு ஷேர் பண்ணுவீர்கள். ஒருகட்டத்தில் சம்பளம் உயரும், யூஸ்டு கார் ஆப்பில் விலை இறங்கும். அப்போதுதான் மண்டைக்குள் அந்தக் கேள்வி வரும். 'ஞாயித்துக்கிழமைக்கு ஓகே. திங்கட்கிழமை ஆபீஸுக்கு?'

முடியாது என்று சொல்லிவிட முடியாது. 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ரெண்டு சீட்டர், 2016-ல் 10 லட்சமாவது காரைத் தொட்டது. அத்தனை பேரும் அதை ஷெட்டில் பூட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியவர்கள் அல்ல. வெளிநாடுகளில் நிறைய பேர் அதிலேயேதான் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த கார் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. இங்கே கண்ணில் படுபவை பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், 2025-ல் வந்த எலெக்ட்ரிக் எம்ஜி சைபர்ஸ்டர் மாதிரியானவை.

ஆக, கார் ரெடி. உங்கள் திங்கட்கிழமை ரெடியா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில கணக்குகள் இங்கே.

முதல் டெஸ்ட்: பின்சீட்டுக்கு 30 நாள் லீவு

பைசா செலவில்லாத டெஸ்ட் இது. இப்போது உங்களிடமோ வீட்டிலோ இருக்கிற காரின் பின்கதவுகளை இன்று முதல் 30 நாளைக்குத் திறக்காதீர்கள். லேப்டாப் பை, ஹெல்மெட், காய்கறிப் பை எதையும் பின்சீட்டில் வீசக் கூடாது. யாரையும் ஏற்றக் கூடாது. கதவைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மொபைல் நோட்ஸில் ஒரு வரி எழுதுங்கள். தேதி, யாருக்காக, வேறு வழி இருந்ததா?

மாதக் கடைசியில் அந்த லிஸ்ட்டைப் படித்துப் பாருங்கள். 'ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர், டீ குடிக்க' என்று இருந்தால் பிரச்னையே இல்லை, அவர்கள் பைக்கில் வருவார்கள். 'அம்மா அப்பா ரெண்டு பேரையும் செக்கப்புக்கு' என்று மாதத்துக்கு ஒருமுறை இருந்தால் ஒரு கால் டாக்ஸி போதும். அதுவே வாரத்துக்கு மூன்று தடவை இருந்தால்? அப்பாவை முன்னால் உட்காரவைத்துவிட்டு, 'அம்மா, நீங்க ஆட்டோவுல பின்னாடியே வாங்க' என்று வாரம் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். அந்த வரியை உங்கள் வாயால் சொல்ல முடியுமா என்று ஒருதடவை யோசித்துப் பாருங்கள். ரெண்டு சீட் காரின் உண்மையான விலையில் இதுவும் சேர்த்திதான்.

கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறவர்களும், குழந்தைக்கு பிளான் பண்ணுகிறவர்களும் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்குகிற முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரெண்டு சீட்டரில் முன்சீட்டைத் தவிர வேறு இடமே கிடையாது. பக்கத்து சீட் ஏர்பேக்கை அணைக்கும் வசதி நீங்கள் பார்க்கும் காரில் இருக்கிறதா என்று மேனுவலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், குழந்தை வந்த அன்றே அந்த கார் வீட்டுக்கு உதவாது.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

'நம்ம ஊர் ரோட்டுல அடி தட்டும் பாஸ்' என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு தட்டும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மாருதி ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இப்போதைய தலைமுறை இசட்4-க்கு 114 மி.மீ. இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அதாவது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற வளைவு. இசட்4-ன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.47 மீட்டர்தான். அதனால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே நிற்க முடியும். அப்போது காரின் வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது ஏறத்தாழ 4.5 செ.மீ. மட்டுமே. மீதி 7 செ.மீ. இடைவெளி இருக்கும், உரசாது.

ஆனால் உங்கள் தெருவில் இருப்பது அந்த மேடுதானா? ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட்டைக் கொட்டிப் போட்ட, ஓர் அடி அகலத்தில் 12 செ.மீ. உயரத்தில் நிற்கிற மேடாக இருந்தால் அது 114 மி.மீ. காரின் வயிற்றைக் கண்டிப்பாக உரசும். இரண்டு பேர் ஏறி, பையும் வைத்தால் கார் இன்னும் கொஞ்சம் தாழும்.

எனவே, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய் மேடுகளை அளந்து பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு முடிகிற இடத்தையும், ஆபீஸ் பார்க்கிங் வாசலையும் மறக்க வேண்டாம். காரின் மூக்கு இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரே ஒரு மோசமான மேடு, அதைச் சுற்றிப் போக வழி உண்டு என்றால் சமாளிக்கலாம். தினமும் காலையும் மாலையும் தாண்டியாக வேண்டிய மேடு என்றால் யோசியுங்கள்.

டயர் எண்ணைப் படிக்கத் தெரியுமா?

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கும். 185 என்பது மி.மீ. அளவில் டயரின் அகலம். அதில் 65 சதவிகிதம்தான் ரப்பர் சுவரின் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. ஸ்விஃப்ட்டில் வரும் அளவு இது. இசட்4 எம்40ஐ காரின் முன் டயர் 255/35 ஆர்19. சுவரின் உயரம் வெறும் 89 மி.மீ. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் குறைவு. அடி நேராக ரிம்முக்குப் போகும்.

அதே காரின் பின் டயர் 275/35 ஆர்19. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்பதால், தேய்மானத்தைச் சமப்படுத்த முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடும் வேலை நடக்காது. இந்த வகை கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் கிட்தான் இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த கிட் உதவாது. டோ டிரக்குக்குத்தான் போன் போட வேண்டும். உங்கள் ஊரில் அந்த அளவு டயர் ஸ்டாக் இருக்கிறதா, என்ன விலை என்று ரெண்டு கடையில் கேட்டுவிட்டு அப்புறம் காரைப் பாருங்கள்.

ஏறுவது, இறங்குவது, பார்ப்பது

ஷோரூமில் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஜாலியாக இருக்கும். பத்து தடவை ஏறி இறங்குங்கள். புடவையோ வேட்டியோ கட்டுகிற, முழங்கால் வலி உள்ள யாராவது உங்களோடு அடிக்கடி வருவார்கள் என்றால் அவர்களையும் அழைத்துப் போய் உட்காரவைத்துப் பாருங்கள். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா எந்திரிக்க முடியலையேப்பா' என்ற பதில் வாங்குவதற்கு முன்பே வருவது நல்லது.

ரெண்டு கதவு கார்களில் கதவு நீளமாக இருக்கும். பக்கத்து காரை ஒட்டி நிறுத்தினால் பாதிதான் திறக்கும். அந்த இடுக்கில் தரைமட்ட சீட்டிலிருந்து எழுந்து வருவது ஒரு யோகாசனம். மால் டோக்கன் மெஷின்கூடத் தலைக்கு மேலே இருக்கிற மாதிரித் தெரியும்.

உயரத்தையும் கவனியுங்கள். ஸ்விஃப்ட் 1.52 மீட்டர், இசட்4 சுமார் 1.3 மீட்டர். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பக்கத்தில் போகும்போது அந்த டிரைவரின் கண்ணுக்கு நீங்கள் எளிதில் தட்டுப்பட மாட்டீர்கள். பழகும்வரை, பெரிய வண்டிகளின் பக்கவாட்டில் நிற்காமல் முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்பதைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

வெயில், மழை, துணிக்கூரை

கூரை திறக்கிற கார் என்றால், ஏப்ரல் மதியம் சிக்னலில் அதைத் திறக்கவே மாட்டீர்கள். காலை ஏழு மணிக்கு முன்பும், ராத்திரியும், மலை ஊர்களிலும்தான் அதற்கு வேலை. 'வருஷம் முழுக்கத் திறந்து ஓட்டுவேன்' என்ற நினைப்பில் வாங்குவதாக இருந்தால், கூரை திறக்காத கூப்பே ஒன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில் ரெண்டு சிக்கல். துணிக்கூரை மடிகிற இடத்தில் தண்ணீர் வடிய சின்னக் குழாய்கள் இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் இலையும் பூவும் விழுந்து குழாய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் காருக்குள் இறங்கும். அவ்வப்போது சுத்தம் செய்தே ஆக வேண்டும். மூடின பார்க்கிங் இல்லாதவர்களுக்கு இது தீராத தலைவலி.

அடுத்தது, தேங்கிய தண்ணீர். தாழ்வான காரில் இன்ஜினுக்குள்ளும் கேபினுக்குள்ளும் தண்ணீர் சீக்கிரம் புகும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள். மழை பெய்தால் உங்கள் தெருவில் முழங்கால் அளவு நிற்கும் என்றால், அந்த நாட்களுக்கு வேறு வண்டி வேண்டும்.

டிக்கியில் ஆச்சர்யம்

எல்லோரும் பயப்படுகிற விஷயம் டிக்கிதான். ஆனால் இசட்4-ன் டிக்கி 281 லிட்டர், புதிய ஸ்விஃப்ட் 265 லிட்டர்! எம்எக்ஸ்-5 மாதிரி சின்ன காரில்தான் சிக்கல், 130 லிட்டர். 55×35×25 செ.மீ. அளவுள்ள ஒரு கேபின் டிராலி சுமார் 48 லிட்டர். லிட்டரை மட்டும் நம்பாமல், டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது உங்கள் பெட்டியையே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். வாய் குறுகலாக இருந்தால் 25 கிலோ அரிசி மூட்டை பக்கத்து சீட்டில்தான் பெல்ட் போட்டு வரும்.

பர்ஸ் கணக்கு

இசட்4 எம்40ஐ 2023-ல் வந்தபோது ஷோரூம் விலை 89.30 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு சாலை வரி 20 சதவிகிதம். அதாவது, வரி மட்டுமே கிட்டத்தட்ட 18 லட்சம். யூஸ்டு கார் பக்கம் பலரும் போவது இதனால்தான்.

அங்கே போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். விலை இறங்கியிருப்பது காருக்குத்தான், அதன் உதிரி பாகங்களுக்கு இல்லை. பத்து வருஷப் பழைய காருக்கும் பிரேக் டிஸ்க் புதிய விலைதான். வாங்குவதற்கு முன்பு நாலு விஷயம் பாருங்கள்.

* கூரையை ஐந்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். இடையில் திக்கினால் பெரிய செலவு.
* தரைவிரிப்பைத் தூக்கி ஈரமோ துருவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.
* லிஃப்ட்டில் தூக்கச் சொல்லி அடிப்பாகத்தில் உரசல், ரிம்மில் வளைவு பாருங்கள்.
* பெட்ரோல் மூடியிலும் மேனுவலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய இறக்குமதி கார்களில் எத்தனால் 10 சதவிகிதம் வரைதான் என்று இருக்கலாம். பங்கில் இப்போது கிடைப்பதோ 20 சதவிகிதம் கலந்தது.

அப்படின்னா, வாங்கலாமா?

வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, மூடின பார்க்கிங் உண்டு, தெரு மேடுகள் அளவுக்குள் இருக்கின்றன, நோட்ஸ் லிஸ்ட்டில் நாலைந்து வரிகள்தான் என்றால், தாராளமாக வாங்குங்கள். தினமும் ஓட்டுங்கள். சொல்லப்போனால் ஓட்டாமல் நிறுத்திவைத்தால்தான் பேட்டரியும் டயரும் கெடும். இந்த கார்களின் சுகத்துக்கு 200 கி.மீ. வேகம் தேவையில்லை. தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் 40 கி.மீ. வேகமே வேகமாகத் தெரியும். ஆபீஸ் போகிற வழியில் ஒரு நல்ல வளைவு இருந்தாலே அன்றைய நாள் சிரிப்போடு ஆரம்பிக்கும். லீவு நாளில் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை காத்திருக்கிறது.

வீட்டுக்கே இது ஒன்றுதான் கார், பெற்றோர் கூடவே இருக்கிறார்கள், லிஸ்ட் ரெண்டு பக்கம் போகிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம். அதே பணத்தில் ஓட்ட ஜாலியான நாலு சீட் கார்கள் நிறைய இருக்கின்றன. அந்த ஆசை மட்டும் தீர வேண்டும் என்றால், வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு வார இறுதிக்கு எடுத்து ஓட்டுங்கள். முடிந்தால் ஒரு நாள் சேர்த்து எடுத்து, திங்கட்கிழமை காலை அதிலேயே ஆபீஸ் போங்கள்.

எப்படியும் முதல் வேலை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். பின்கதவைப் பூட்டுங்கள், நோட்ஸைத் திறந்து தேதியைப் போடுங்கள். 30 நாள் கழித்து, அந்த லிஸ்ட்டில் யார் பெயர் அதிகமாக வந்திருக்கிறதோ அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு புக் பண்ணுங்கள்.