அட்டை போன பிறகும்

ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623-இல், அவருடைய 36 நாடகங்கள் லண்டனில் ஒரே பெரிய தொகுப்பாக அச்சாகி வந்தன. நாடகக் குழுவில் அவரோடு இருந்த ஹெமிங்சும் கான்டெலும் மூலப் படிகளைத் திரட்டித் தந்தார்கள். ‘மக்பெத்’ உட்பட 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறாதவை. அந்தத் தொகுப்பின் ஒரு பிரதி ஜான் கோசின் என்ற பாதிரியாரிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாரிசில் தஞ்சம் புகுந்திருந்த அவர், நாடு திரும்பி டர்ஹாம் பிஷப் ஆனார். 1669-இல் அங்கே ஒரு நூலகம் நிறுவித் தம் புத்தகங்களை வைத்தார்.

அந்தப் பிரதியின் பொருளடக்கப் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘ட்ராய்லஸ் அண்ட் க்ரெசிடா’ நாடகம் அச்சுவேலையின் கடைசிக் கட்டத்தில்தான் சேர்ந்தது. அதனால் பட்டியலில் அதன் பெயர் இல்லை. கோசின் பிரதியில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார். தேடி வருகிறவருக்கு நாடகம் தவறிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். பின்னாளில் சிட்னி லீ என்ற அறிஞர் உலகிலுள்ள பிரதிகளைத் தேடிக் கணக்கெடுத்து, 1902-இல் விவரங்களை வெளியிட்டார். இந்தப் பிரதியும் அதில் பதிவானது.

1998 டிசம்பரில், கண்காட்சிக் கண்ணாடிப் பேழையிலிருந்து புத்தகம் திருட்டுப் போனது.

2008 ஜூனில், ரேமண்ட் ஸ்காட் என்பவர் வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்துக்கு ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தார். கியூபாவில் கிடைத்தது என்றார். அட்டை இல்லை, தைத்த பைண்டிங் இல்லை, ஷேக்ஸ்பியரின் படம் அச்சான முகப்புத் தாளும் இல்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பத்திரமாக இருந்ததைச் சிதைத்திருந்தார்கள். திருட்டைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிய்த்த தாளை என்ன செய்வது?

ஆனால் ஃபோல்ஜரில் அதே தொகுப்பின் 82 பிரதிகள் இருக்கின்றன. அங்குள்ளவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. தாளின் அளவைப் பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். பொருளடக்கத்தில் பேனாவால் எழுதிய நாடகப் பெயர் அப்படியே இருந்தது. முகமறியாத அந்த வாசகரின் கையெழுத்து சாட்சியாக நின்றது.

2010-இல் நியூகாசில் நீதிமன்றத்தில் ஸ்காட் மீதான திருட்டுக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. திருட்டுப் பொருளை வைத்திருந்ததற்கும், நாட்டைவிட்டுக் கொண்டுபோனதற்கும் எட்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2012-இல் அவர் சிறையிலேயே இறந்தார். புத்தகம் டர்ஹாமுக்குத் திரும்பியது. அதே பேழைகளிலிருந்து திருடுபோன ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதைக் கையெழுத்துத் துண்டும், 1815-இல் அச்சான ‘பேவுல்ஃப்’ காவியத்தின் முதல் பதிப்பும் அந்த வழக்கு முடிந்தபோதும் கிடைக்கவில்லை.