கெண்டியின் மூக்கும் நீரின் சூடும்

மூக்கு வைத்த நீர்க்கலத்தைத் தமிழர் கெண்டி என்பர். மலாய் மொழியிலும் அதன் பெயர் கெண்டியே. பெயர் பழமையானது. ஆனால், இன்று கடைகளில் கண்ணைக் கவரும் கெண்டி புதுமையானது. அதன் மூக்கு வாத்தின் கழுத்தைப் போல் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். அடிப்பீடம் மின்சாரத்தால் நீரைச் சூடாக்கி, அச்சூட்டினை எண்ணால் காட்டும். தேநீரை விரும்பிப் பருகுவோர் பலர் இதனை நாடுகின்றனர். இதனை வாங்கத்தான் வேண்டுமா? வாங்கின் எதனைப் பார்த்து வாங்குவது? வினா சிறியதே. எனினும், அதற்குரிய விடை ஆயிரத்திருநூறு ஆண்டுக்கால வரலாற்றில் பொதிந்து கிடக்கின்றது.

சீன நாட்டில் தாங் மரபினர் ஆட்சி நிலவிய எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்னும் அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் இயற்றினார். ‘சா ஜிங்’ என்பது அதன் பெயர். அந்நாளில் தேயிலையை இடித்துக் கட்டியாக்கி உலர்த்தி வைப்பர். வேண்டும்போது சுட்டுப் பொடித்துக் கொதிநீரில் இட்டுக் காய்ச்சுவர். நீர் காயும் கலம் வாய் அகன்றது. ஆகவே, நீரின் நிலையைக் கண்ணாலேயே காணலாம். லூ யூ கொதியை மூன்றாகப் பகுத்தார். மீன் கண் போன்ற குமிழிகள் தோன்றி மெல்லிய ஒலி எழுவது முதற்கொதி. கலத்தின் ஓரங்களில் ஊற்றுப் போலவும் கோத்த முத்துகள் போலவும் குமிழிகள் எழுவது இரண்டாங்கொதி. அலைபோல் பொங்குவது மூன்றாங்கொதி. முதற்கொதியில் உப்பும், இரண்டாங்கொதியில் தேயிலைப் பொடியும் இடவேண்டும். மூன்றினைக் கடந்த நீர் ‘முதிர்ந்த நீர்’. அது பருகத் தகாதது என்றார் அவர். வெப்பமானி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதன் தன் கண்ணை அளவுகோலாக்கிக் கொண்டான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அடுத்து வந்த சோங் மரபினர் காலத்தில் வழக்கம் மாறிற்று. தேயிலைப் பொடியைக் கிண்ணத்தில் இட்டு, அதன்மீது கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, நுரை திரளக் கடைந்தனர். இதற்கு மெல்லிய மூக்குடைய கெண்டி தேவைப்பட்டது. நீர் அக்கெண்டிக்குள்ளேயே காய்ந்தது. மூடிய கலத்தினுள் குமிழியைக் காண்பது எங்ஙனம்? பதினோராம் நூற்றாண்டில் ‘சா லு’ என்னும் நூலை எழுதிய சாய் சியாங் இவ்விடர்ப்பாட்டை வெளிப்படையாகவே கூறினார். நீரின் பதம் அறிவதே யாவற்றினும் அரிது. பதம் வாராத நீரில் பொடி மிதக்கும், பதம் கடந்த நீரில் பொடி அமிழும். கெண்டிக்குள் காய்வதால் அதனைப் பிரித்தறிதல் இயலவில்லை என்பது அவர் கருத்து. கண் தோற்ற இடத்தில் காது துணைக்கு வந்தது. நீர் எழுப்பும் ஒலியின் மாற்றங்களைக் கேட்டுப் பதமறியும் முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் லுவோ தாஜிங் என்பார் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

கெண்டியின் மூக்கினைப் பற்றி ஆராய்ந்தவரோ ஒரு பேரரசர். சோங் மரபின் ஹுய்சோங் 1107ஆம் ஆண்டளவில் தேநீர் பற்றி ஒரு நூல் எழுதினார். நீர் ஊற்றுவதன் நன்மையும் தீமையும் கெண்டியின் மூக்கினையே சார்ந்தவை என்பது அவர் துணிபு. மூக்கு அடியில் சற்று அகன்றிருப்பின் நீர்த்தாரை விசையோடு சிதறாது பாயும். முனை வட்டமாய்ச் சிறுத்துக் கூராக வெட்டப்பட்டிருப்பின் வேண்டிய அளவில் நிற்கும், சொட்டாது. சொட்டினால் கிண்ணத்தின் நுரைப்பரப்பு உடைந்துவிடும். ஏழு முறை நீர் ஊற்றும் ஒழுங்கினையும் அவர் விரித்துரைத்தார். ஒரு துளியைக் காத்த அவ்வரசரால் நாட்டைக் காக்க இயலவில்லை. 1127இல் ஜுர்ச்சென் படையினர் அவரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். ஆட்சி அழிந்தது, அவர் வகுத்த இலக்கணம் நின்றது.

ஆயினும், அம்மெல்லிய மூக்கின் சிறப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. மிங் மரபைத் தோற்றுவித்த பேரரசர் 1391இல் கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தி, இலையாகவே செலுத்துமாறு ஆணையிட்டார். கட்டி செய்யும் உழைப்பு மக்களை வருத்தியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கடையும் முறை சீனத்தில் மங்கி, இலையை நீரில் ஊறவைத்து வடிக்கும் முறை ஓங்கிற்று. நீரைக் குறிபார்த்து ஊற்ற வேண்டிய தேவை குறைந்தது. அரசாணை ஒன்று கலத்தின் வடிவத்தையும் மாற்றியது. தேவையே கலத்தை வகுக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மின்சாரம் வந்தபின் சூட்டின் கதை புதிய திருப்பம் கண்டது. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மின்கெண்டிகள் தோன்றின. சூடேற்றும் கம்பி நீரைத் தொடாமல் அடியில் தனியறையில் இருந்தமையால் அவை மிக மெதுவாகவே காய்ந்தன. 1922இல் பர்மிங்காம் நகரின் புல்பிட் நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்லி லார்ஜ் அக்கம்பியை உலோகக் குழாயினுள் அடைத்து நீருக்குள்ளேயே அமைத்தார். நீர் விரைந்து கொதித்தது. ஆனால், மறந்து விட்டால் நீர் வற்றிக் கலம் கெடும். 1955இல் ரசல் ஹாப்ஸ் நிறுவனம் தானே நிற்கும் கெண்டியை வெளியிட்டது. சூட்டினால் வெவ்வேறளவு விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று அதில் இருந்தது. நீராவி பட்டதும் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டித்தது. கண் செய்த பணியைக் காது ஏற்றது. காது செய்ததைத் தகடு ஏற்றது.

இன்றைய வாத்துக்கழுத்துக் கெண்டி சோங் கெண்டியின் நேர்வழித்தோன்றல் அன்று. காப்பித்தூள்மீது நீரை மெல்லிய தாரையாக ஊற்றி வடிப்போரின் தேவையால் பரவியது அது. எனினும், ஹுய்சோங் கூறிய இரு நலன்களையே அதுவும் நாடுகின்றது: சிதறாத தாரை; சொட்டாத முனை. அதனோடு நீரின் சூட்டை வேண்டிய பாகையில் நிறுத்தும் கருவியும் சேர்ந்துள்ளது.

இவ்வரலாற்றை அறிந்தவர் முதலில் தம் தேநீரைப் பார்ப்பார். அதன் பின்னரே கெண்டியைப் பார்ப்பார். பால் கலந்து பருகும் கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீரே வேண்டும். பெரிய குவளையில் ஊற்றி ஊறவைப்பதற்கு மெல்லிய மூக்கும் வேண்டா. பாகை எண்ணும் வேண்டா. தானே நிற்கும் எளிய மின்கெண்டி போதும். பச்சைத் தேயிலையோ வேறு இயல்பினது. மிகுந்த சூட்டில் அதன் கசப்பும் துவர்ப்பும் விரைந்து இறங்கும். சப்பானியப் பச்சைத் தேநீருக்கு 70 முதல் 80 பாகை வரையிலான சூடே ஏற்றது. அதனை நாள்தோறும் பருகுவோருக்குப் பாகையை நிறுத்தும் கெண்டி பயன்படும். சிறு கலங்களில் ஊலாங் போன்ற தேயிலையைப் பலமுறை ஊறவைப்போருக்கு மெல்லிய மூக்கு கைகொடுக்கும். அத்தகையோர், தாரை மெலிந்து நிற்கின்றதா, நிறுத்தியதும் சொட்டுகின்றதா என நீர் ஊற்றிப் பார்த்தே வாங்குதல் நன்று. மெல்லிய மூக்குடைய கெண்டி பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளாது என்பதையும் பெரிய குடும்பத்தினர் மறத்தலாகாது.

எண்ணை மட்டுமே நம்புவதும் தவறு. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், தேயிலை விளையும் கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குக் கருவியில் 100 என்று குறித்து விட்டுக் காத்திருப்பவர் வீணே காத்திருப்பார். காரணம் அறிந்தவரே கருவியை ஆள்வார். அறியாதவரைக் கருவி ஆளும்.

பதம் அறியும் பணி கண்ணிலிருந்து காதிற்கும், காதிலிருந்து கருவிக்கும் கைமாறியுள்ளது. அதனால் உழைப்பு குறைந்தது, தவறும் குறைந்தது. ஆனால், எந்த இலைக்கு எந்தச் சூடு என்னும் தெளிவை எந்தக் கருவியும் நமக்காக ஏற்கவில்லை. அது அன்றும் மனிதனிடமே இருந்தது. இன்றும் மனிதனிடமே இருக்கின்றது. மூடியைத் திறந்து மீன் கண் போன்ற முதற்குமிழியை ஒருமுறை பார்த்தவர், எண் காட்டும் கெண்டியையும் நன்கு பயன்படுத்துவார்; எளிய கெண்டியிலும் நல்ல தேநீர் வடிப்பார்.